அத்தியாயம் 7: வெளியூருக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது – நரிக்குடிப் பக்கம் ஒரு போர்வை வகுப்பு

சென்னையிலோ கோவையிலோ குளிர்சாதன அறையில் பத்துப் பேரை உட்காரவைத்து ஒட்டுத்துணிப் போர்வை சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை. அதே பாடத்தை மூட்டை கட்டிக்கொண்டு விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போய் ஒரு மகளிர் குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. இந்த அத்தியாயம் இரண்டாவது வேலைக்கானது. நரிக்குடியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். திருச்சுழி, காரியாபட்டி, கமுதி, பார்த்திபனூர் என்று அக்கம்பக்கத்து மானாவாரி ஊர் எதற்கும் இது பொருந்தும்.

போர்வைத் தையல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய நூல் சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்பது எந்த அப்பத்தாவுக்கும் தெரியும். வங்காளத்துக் காந்தா, கர்நாடகத்துக் கௌதி, உத்தர கன்னடத்துச் சித்தி இனப் பெண்களின் கவந்தி எல்லாம் இதே பழந்துணி வேலைதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள் 2002இல் அருங்காட்சியகம் ஏறின. 2006இல் அந்நாட்டு அஞ்சல்தலையிலும் வந்தன. சென்னையில் 2019 ஜனவரியில் இந்தியா குவில்ட் திருவிழா நடந்தது. முன்கதை இவ்வளவு போதும்.

முதல் வேலை: தேதி குறிப்பது

வகுப்பு கூடுவதும் கலைவதும் தேதியில் இருக்கிறது. உங்கள் வசதிக்குத் தேதி குறித்தால் நாலு பேர்தான் வருவார்கள். ஊர் வேலையை முதலில் பாருங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பும் களையெடுப்பும் நடக்கும், யாரையும் கூப்பிடாதீர்கள். தை கழிந்து மாசி, பங்குனியில் மிளகாய் பழுக்கத் தொடங்கிவிடும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாய்க் காடு மாவட்ட எல்லையோடு நின்றுவிடவில்லை. பழம் எடுக்கும் நாளில் எந்தப் பெண்ணும் ஊசி எடுக்க வரமாட்டார். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊரே கிளம்பும். வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் வந்து இறங்கும். அந்த வாரத்தைத் தொடாதீர்கள். மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம். தகரக் கூரைக் கட்டடத்தில் அந்த நாட்களில் வகுப்பு வைப்பது துன்புறுத்தல்.

மிச்சம் இருப்பது ஆடிக் கடைசியும் ஆவணியும். காட்டு வேலை குறைவு, கையில் நேரம் உண்டு. ஆனால் காற்று அடிக்கும். வெட்டி அடுக்கிய துணிச் சதுரங்கள் ஒரு நொடியில் தெருவுக்குப் போய்விடும். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் அடுக்குங்கள், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

நேரத்தையும் குழுவிடமே கேளுங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் விடியும் முன்னே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர் கடைசிப் பேருந்தைப் பார்த்துக்கொண்டே தைப்பார். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தப் பேருந்து வருகிற நேரமே உங்கள் வகுப்பின் மணி. அது வருவதற்குக் கால் மணி நேரம் முன்பாகவே துணியை மடிக்கச் சொல்லிவிடுங்கள்.

இடம் பார்ப்பது

இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் வருவார்கள் என்பது முடிவாகும். ஒரு சாதியாரின் மடத்திலோ, கோயிலை ஒட்டிய மண்டபத்திலோ வைத்தால் வரவேண்டிய பாதிப் பேர் வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். பள்ளிக்கூடம், ஊராட்சி மகளிர் கூட்டமைப்புக் கட்டடம், நூலகம், அங்கன்வாடியை ஒட்டிய கூடம் – இப்படி எல்லாரும் நுழையக்கூடிய அரசுக் கட்டடமாகக் கேளுங்கள். அதற்கு ஊராட்சியிலோ வட்டார மகளிர் திட்ட அலுவலகத்திலோ முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

இடத்தை நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. தரை. பதினைந்து பேர் கால் நீட்டி உட்காரவும், நடுவில் துணி விரிக்கவும் இடம் வேண்டும். நாற்காலி மேசை வேண்டியதில்லை.
2. வெளிச்சம். ஓட்டுத்தையலுக்குச் சன்னல் வெளிச்சமே மேல். குழல்விளக்கு ஒன்றை நம்பி இருக்காதீர்கள்.
3. கழிப்பறை. இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள்.
4. பிளக். இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை செருகிப் பாருங்கள். மின்னழுத்தம் குறைந்தால் பெட்டி சூடேறாது. கரிப் பெட்டி வைத்திருக்கிற இஸ்திரிக்காரர் ஊரில் இருந்தால் முதல் நாளே அவரிடம் துணியைக் கொடுத்துவிடுவது சுலபம்.
5. தண்ணீர். இந்தப் பக்கம் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு; சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள்.

போய்ச் சேருவது, தங்குவது

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்து தட்டுப்பாடு இல்லை. அங்கிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி. ரயிலில் வருகிறவருக்கு விருதுநகர்–மானாமதுரை பாதை இருக்கிறது. அது 2013இல் அகலப்பாதையானது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி மூன்றுக்கும் அந்தப் பாதையில் நிலையம் உண்டு. ரயில்கள் குறைவு, எது எங்கே நிற்கும் என்பதை முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு அருப்புக்கோட்டையே வசதி. குழுத் தலைவி தன் வீட்டில் தங்கச் சொல்வார். ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள், இரவு தங்க வேண்டாம். நீங்கள் தங்கினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் வகுப்பில் உட்கார நேரம் இருக்காது.

ஒரு மணி நேரம் கிடைத்தால் திருச்சுழியில் இறங்கிப் பாருங்கள். குண்டாற்றங்கரை ஊர், ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தது இங்கேதான். நரிக்குடிக்கு அருகே முக்குளம் மருது சகோதரர்கள் பிறந்த ஊர் என்பதை உங்கள் வகுப்பில் யாராவது கட்டாயம் சொல்வார்கள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

வெளிநாட்டுப் பூத்துணி, வெட்டி அடுக்கிய துணிக்கட்டு, உருளைக் கத்தி, அதற்கான பாய், பிளாஸ்டிக் அளவுகோல் – எதையும் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் பேருந்து ஏறிய பிறகு அந்த ஊரில் கிடைக்காத எந்தப் பொருளும் வகுப்புக்கு உதவாது. உருளைக் கத்தி ஆபத்தானதும்கூட: தரையில் வைத்து வெட்டும் கூடத்தில் குழந்தைகள் நடமாடுவார்கள்.

பதினைந்து பேருக்கு இது போதும்:

- கைத்தையல் ஊசி, ஆளுக்கு மூன்று. நடுத்தரப் பருமன், கண் சற்றுப் பெரியது.
- பருத்தி நூல்கண்டு. வாங்கும்போதே ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் வேண்டாம்.
- துருப்பிடிக்காத ஊக்கு, ஆளுக்குப் பதினாறு.
- துணிக் கத்தரி ஐந்து. காகிதம் வெட்டத் தனியாக ஒன்று.
- தையற்காரர் சாக்கட்டி, அளவு நாடா.
- ஒன்பதரை அங்குலச் சதுர அட்டை அச்சு ஐந்து. கனமான பெட்டி அட்டையில் வெட்டலாம். வெட்டியதும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அச்சு கோணல், போர்வையும் கோணல்.
- பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்று. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.
- பிளாஸ்டர், கிருமிநாசினி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.

துணி? அதை அங்கேதான் எடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பழைய நூல் சேலை கொண்டுவரச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டை நெசவூர்; வெட்டுத்துணி கிடைக்குமா என்று வரும் வழியில் விசாரியுங்கள். கிடைத்தால் சேலை இல்லாதவருக்கு ஆகும்.

*குறிப்பு:* பழஞ்சேலை என்பது வெறும் துணியல்ல. இறந்துபோன அம்மாவின் சேலையாக இருக்கலாம். கணவர் கடைசியாக எடுத்துக் கொடுத்ததாக இருக்கலாம். ஒவ்வொரு சேலையிலும் கத்தரி வைக்கும் முன் "இதை வெட்டலாமாக்கா?" என்று கேளுங்கள். சிலர் தயங்குவார்கள். அவர்களுக்கு வெட்டுத்துணியைக் கொடுங்கள். சேலையை முழுசாக உள்மடிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

வகுப்பு: இரண்டு நாள், ஒரு விரிப்பு

முதல் வகுப்பிலேயே முழுப் போர்வைக்கு ஆசைப்படாதீர்கள். பதினெட்டு அங்குலச் சதுர விரிப்பு ஒன்று போதும். இரண்டாம் நாள் மாலை ஒவ்வொருவர் கையிலும் முடிந்த பொருள் இருக்க வேண்டும். முடியாத பெரிய போர்வை பரணில் ஏறிவிடும்.

முதல் நாள்

1. துணி பிரித்தல். பூனம், பாலியஸ்டர் சேலைகளைத் தனியே வையுங்கள். சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, கூடத்துக்கு வெளியே, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகத் திரளும். அந்தத் திரளை விரலால் தொடக் கூடாது. விளக்குப் பக்கமும் அடுப்படியிலும் புழங்குகிற விரிப்புக்குப் பாலியஸ்டர் ஆகாது.

2. சாயம் பார்த்தல். சிவப்பு, கருநீலம், அரக்குச் சேலைகளில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் இன்னும் இரண்டு அலசல் வேண்டும். கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். உப்பு அதைச் செய்யாது. மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்காமல், உப்பில் ஊறிய துண்டையும் வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டுங்கள்.

3. வெட்டுதல். சேலையை இஸ்திரி போட்டு, அச்சை வைத்து, சாக்கால் கோடிட்டு ஒன்பதரை அங்குலச் சதுரம் நாலு வெட்ட வேண்டும். அச்சின் ஓரம் இழை ஓட்டத்தோடு நேராக இருக்கட்டும். நைந்த இடத்தை விட்டுவிடுங்கள்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைவு தெரியும். முந்தியும் பார்டரும் நன்றாக இருக்கும்; உடல் பகுதியில் கொசுவம் விழுகிற இடம் முதலில் நையும்.

4. அடுக்கிப் பார்த்தல். தரையில் நாலு சதுரத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். இங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்தால் பதினைந்து விரிப்பும் உங்கள் விரிப்பாகிவிடும்.

5. இணைத்தல். இரண்டு இரண்டாக, பிறகு நாலையும் சேர்த்து, கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று இரண்டு இருந்தால் வரிசையாகத் தைக்கலாம். இல்லாவிட்டால் கையாலேயே பின்தையல். தைத்த பிறகு ஓரத்தை ஒரு பக்கமாக மடித்துத் தேயுங்கள். சரியாக வந்தால் பதினெட்டரை அங்குலச் சதுரம் கிடைக்கும்.

இந்த ஐந்தாவது படியில்தான் குழப்பம் வரும். வாழ்நாள் முழுக்க அளவு நாடா இல்லாமல் ரவிக்கை தைத்தவர்கள் இருப்பார்கள். "கண்ணால பாத்தாத் தெரியாதா டீச்சர், இதுக்கு எதுக்கு அளவு?" என்பார்கள். ரவிக்கையில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இங்கே ஒரு தையலில் நூலளவு தப்பினால் நடுவில் நாலு மூலையும் ஒரு புள்ளியில் சேராது. சேராத ஒன்றைத் தைத்து எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இரண்டாம் நாள்

6. அடுக்கு. கீழே இருபத்திரண்டு அங்குலச் சதுரத்தில் முதுகுத்துணி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க. மேலே அதே அளவில் இரண்டு மடிப்புப் பழஞ்சேலை. அதற்கு மேல் முதல் நாள் தைத்த முகம். பஞ்சு வேண்டாம்: இந்த வெக்கையில் யாரும் போர்த்த மாட்டார்கள், துவைத்தால் காயவும் நாளாகும். இலவம்பஞ்சு அறவே கூடாது. வழுக்கி ஒரு மூலையில் திரண்டுவிடும்.

7. ஊக்குப் போடுதல். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கையால் தடவி நீவிக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் தங்கிவிடும்.

8. ஓட்டுத்தையல். நூல் ஒன்றரை முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் சிக்கும். வரிக்கு வரி ஒன்றரை அங்குலம், தையல் கால் அங்குலம். இதையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். பதினொரு வரி வரும்.

9. ஓரப்பட்டை. விளிம்பைச் சமமாக வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்து முகப்பக்கம் தைத்து, முதுகுப்பக்கம் திருப்பி எம்மிங் பண்ண வேண்டும். ஒரு விரிப்புக்கு எண்பத்திரண்டு அங்குலம். சேலையின் நீளவாக்கில் கிழித்தால் ஒட்டில்லாத ஒரே பட்டையாக வந்துவிடும்.

எட்டாவது படியில் நீங்கள் ஒன்றைக் கவனிப்பீர்கள். பூக்கட்டத் தெரிந்த கை தனியாகத் தெரியும். இடது கை நடுவிரலும் சுட்டுவிரலும் துணியை அடியிலிருந்து ஏந்தி மெல்ல ஏற்றி இறக்க, வலது கையில் ஊசி அசையாமல் நிற்கும். நாலைந்து தையல் ஊசியிலேயே கோர்த்துக்கொண்ட பிறகுதான் நூலை இழுப்பார்கள். நாம் ஊசியை நகர்த்துகிறோம், அவர்கள் துணியை நகர்த்துகிறார்கள். அவர்களில் ஒருவரை நடுவில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். பாடம் அவர் கையில் இன்னும் நன்றாக நடக்கும்.

*வீட்டுக்கான அளவு:* இதே ஒன்பதரை அங்குலச் சதுரத்தில் இருபது வெட்டி, அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஐந்து என்று இணைத்தால் 36க்கு 45 அங்குலத்தில் குழந்தைப் போர்வை. முதுகுத்துணியும் உள்மடிப்பும் 40க்கு 49. ஓரப்பட்டை 174 அங்குலம்; ஐந்தரை மீட்டர்ச் சேலை 216 அங்குலம் என்பதால் இதற்கும் ஒரே பட்டை போதும்.

பத்திரம்

ஊசிக்கு எண்ணிக்கை வேண்டும். கொடுக்கும்போது எண்ணுங்கள், மாலையில் திரும்ப எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் பாயை உதறிக் காந்தத்தைத் தரை முழுக்க ஓட்டுங்கள். மறுநாள் அதே தரையில் அங்கன்வாடிக் குழந்தை தவழும். பழைய ஊசி குத்தி ரத்தம் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று விசாரியுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேலானதென்றாலோ நினைவில்லை என்றாலோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மிளகாய் கிள்ளிவிட்டு வந்தவர் கை எரியும். நூலை நாக்கில் ஈரப்படுத்தி ஊசியில் கோர்க்கிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஆகவே வகுப்பு தொடங்கும் முன் அனைவரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இஸ்திரிப் பெட்டி ஒரே ஆள் பொறுப்பு. கீழே உலர்ந்த பலகை, காலில் ரப்பர் செருப்பு. கட்டடத்தைச் சுற்றிச் சீமைக்கருவேலம் இருந்தால் முள்ளும் இருக்கும், சாயங்காலம் பூச்சிபொட்டும் இருக்கும். செருப்பில்லாமல் பின்பக்கம் போகாதீர்கள், வெளியில் கழற்றி வைத்த செருப்பை உதறாமல் மாட்டாதீர்கள்.

சாப்பாடு: எங்கே, எப்போது, எப்படி

வெளியூர் வகுப்பு எடுக்கப் போவதில் பாதிச் சந்தோஷம் சாப்பாட்டில் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விதி உண்டு. துணி இருக்கும் பாயில் தீனி கூடாது: ஒரு கை காராச்சேவு எண்ணெய் பட்டால் நூல் சேலையில் கறை போகாது. இன்னொன்று, சமையல் வேலையை வகுப்புக்கு வரும் பெண்கள் தலையில் கட்டாதீர்கள். உங்களுக்கு விருந்து வைக்க ஒருத்தி காலையிலிருந்து அடுப்படியில் நின்றால் அவளுக்கு வகுப்பு போயிற்று. ஆளுக்கொரு தூக்குவாளி கொண்டுவரட்டும், நீங்களும் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மாற்றிச் சாப்பிடும்போது, காலையில் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். நகரவில்லை என்றால் அதையும் கவனித்து வையுங்கள். மறுநாள் நூல்கண்டைப் பொதுவில் வைத்துப் பாருங்கள்.

ஆவணியை விட்டு வேறு மாதத்தில் போக நேர்ந்தால், பருவத்துக்கு எது என்று ஒரு சின்னக் கணக்கு. தை மாதம் பனங்கிழங்கு. மாசிக்குப் பிறகு பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். சித்திரை, வைகாசியில் நுங்கு. மழைக்குப் பிறகு, ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒட்டி அதலைக்காய். கரிசல் காட்டில் தானாகக் கொடி ஓடிக் காய்ப்பது. பாகற்காயைவிடச் சின்னது, கசப்பு உண்டு. சின்ன வெங்காயத்தோடு வதக்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது வேறு ஊரில் எளிதில் கிடைக்காது.

கம்மங்கூழ் எப்போதும் உண்டு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சீனியவரைக்காய் வத்தல், மிதுக்கவத்தல். மிதுக்கவத்தலை எண்ணெயில் போட்டு உடனே எடுக்க வேண்டும், ஒரு கணம் தாமதித்தால் கருகிக் கசக்கும். கண்மாய் அழிந்து மீன் பிடிக்கிற நாளில் போய் மாட்டிக்கொண்டால் உங்கள் அதிர்ஷ்டம்: கெண்டையும் விராலும் மண்சட்டியில் கொதிக்கும், மதிய வகுப்பு நடக்காது. அதற்காகக் கோபப்படாதீர்கள்.

விருதுநகர் வழியாகத் திரும்பினால் ஒரு வேளை எண்ணெய்ப் பரோட்டா. கல்லின் நடுப்பள்ளத்தில் எண்ணெய் விட்டுப் பொரித்து, நொறுக்கி, சால்னா ஊற்றித் தருவார்கள். மதுரை வழியென்றால் சாயங்காலத் தெருவண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சியது. இரண்டு நாள் பருத்தித் துணியோடு மல்லுக்கட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வாங்கிப்போகச் சாத்தூர்க் காராச்சேவு. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு; ஆனால் அது மாவட்டத்தின் மறுகோடி, பால்கோவாவுக்காகவே போக மனமிருந்தால் போங்கள்.

*எச்சரிக்கை:* வகுப்பு நடக்கும் நாள் மதியம் பரோட்டா வேண்டாம். மூன்று மணிக்கு நீங்களே தூங்கிவிடுவீர்கள்.

சொல்லிக்கொடுப்பவர் செய்யும் தப்புகள்

நின்றுகொண்டு பேசுவது முதல் தப்பு. அவர்கள் தரையில் இருக்கும்போது நீங்களும் தரையில்தான். அவர்களுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்து காட்டினால் இடது வலது மாறித் தெரியும்.

கோணலாக வந்ததை வாங்கிப் பிரித்து நீங்களே தைத்துக் கொடுப்பது அடுத்தது. பிரிக்கிற இடத்தைச் சாக்கால் குறியிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வயதில் மூத்தவர் என்றால் அதையும் மற்றவர் முன்னால் செய்ய வேண்டாம்.

கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்த படத்தில் முகம் இருந்தால் எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, விற்றுத் தருவதாக வாக்குக் கொடுப்பது. "இத வித்துத் தருவீங்களா டீச்சர்?" என்று இரண்டாம் நாள் மாலை யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார். ஒரு குழந்தைப் போர்வைக்குக் கையால் எத்தனை மணி நேரம் ஆகிறது, அதற்கு அன்றைய கூலியைப் போட்டால் என்ன விலை வருகிறது, அந்த விலைக்கு வாங்க ஆள் உண்டா என்று அவர்களோடு உட்கார்ந்து பலகையில் கணக்குப் போடுங்கள். வருகிற எண்ணைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கணக்கு தெரிந்த பிறகும் விற்க வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த அத்தியாயம் இருக்கிறது. வாங்கும் ஆளைக் கண்டுபிடிக்காமல் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

பணம்

அழைத்தவர் தொண்டு நிறுவனமோ, கல்லூரியோ, அலுவலகமோ – பயணச் செலவு, பொருள் செலவு, உங்கள் கூலி மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். பொருள் செலவைக் கூலிக்குள் அடக்கினால் நூலில் மிச்சம் பிடிக்கத் தோன்றும். கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் வாங்குவதென்றால் ஊசி, நூலுக்கு மட்டும் வாங்குங்கள். காசில்லாமல் எடுத்தால் காசில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் ஏதோ வாங்கிக்கொள்வார்களோ என்ற சந்தேகம் ஊரில் ஓடக்கூடாது.

கிளம்பும் முன்

1. ஊசிகளை எண்ணுங்கள். தரையில் காந்தம் ஓட்டுங்கள்.
2. மிச்சத் துணி, நூல், அட்டை அச்சு அனைத்தையும் குழுவிடம் ஒப்படைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கத்தரி இரண்டையாவது அங்கேயே விட்டுவிடுங்கள்.
3. கட்டடத்தைப் பெருக்கி, சாவியை வாங்கினவரிடமே திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை அந்தக் கட்டடம் கிடைப்பது இதில்தான் இருக்கிறது.
4. மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்பார்கள். உங்களால் வர முடிகிற மாதத்தை மட்டும் சொல்லுங்கள். தேதியைக் குழுவே குறிக்கட்டும். வர முடியாதென்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.